தேற்றும் வேலை: தெசலோனிக்கேயர் கடிதமும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

சீர்திருத்தச் சபையார் அதை நிருபம் என்கிறார்கள், கத்தோலிக்கர் திருமுகம் என்கிறார்கள். இரண்டு சொல்லும் கொஞ்சம் உயரத்தில் நிற்பவை. உள்ளபடி பார்த்தால் அது ஒரு கடிதம். பவுல், சில்வானு, தீமோத்தேயு என்ற மூவர் பெயரில், மக்கெதோனியாவின் தலைநகரான தெசலோனிக்கேயில் இருந்த ஒரு சிறு கூட்டத்துக்குப் போனது. அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தவர், விட்டுவந்தவர்கள் என்ன ஆனார்களோ என்று தவித்து எழுதியது.

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தமிழ்ச் சமூகத்துக்கு இந்தத் தவிப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய காலத்தில், ஊரிலிருந்து வரும் ஒரு தபாலுக்காக, தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயமே காத்திருக்கும். எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் வாசிப்பார், தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கடிதம் ஒருவர் பேருக்கு வந்தாலும் சேதி எல்லாருக்கும் உரியது. தெசலோனிக்கேயிலும் நடந்தது இதுதான். இந்தக் கடிதம் சகோதரர் எல்லாருக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்று பவுல் முடிவில் ஆண்டவர் பேரால் ஆணையிட்டே சொல்கிறார். அத்தனை அழுத்தம் ஏன் என்று உரையாசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் எனக்கு விளங்குகிறது.

கடிதத்தின் காலம் ஏறத்தாழ கி.பி. 50 அல்லது 51. பவுல் அப்போது கொரிந்துவில் இருந்தார். கல்லியோ என்னும் ஆளுநர் முன் அங்கே அவர் நிறுத்தப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கல்லியோ 51-52 வாக்கில் அந்தப் பதவியில் இருந்ததை தெல்பி நகரத்துக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. புதிய ஏற்பாட்டு நூல்களில் மிகப் பழையது இந்தக் கடிதமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நற்செய்தி நூல்கள் எதுவும் எழுதப்படுவதற்கு முன்பே இது வாசிக்கப்பட்டுவிட்டது. தமிழில் இது முதன்முதலில் அச்சேறியது 1715இல், தரங்கம்பாடியில், சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் பகுதியாக.

இந்தக் கட்டுரை பற்றிக்கொள்வது ஒரு சொல்லை. கிரேக்கத்தில் 'பராகலேயின்' என்று ஒரு வினை உண்டு. பக்கத்தில் வரும்படி அழைப்பது அதன் அடிப்பொருள். அதிலிருந்து வேண்டிக்கொள்வது, ஊக்குவது, அறிவுறுத்துவது, ஆறுதல் சொல்வது எல்லாம் கிளைத்தன. ஐந்தே அதிகாரம் கொண்ட இந்தச் சிறு கடிதத்தில் அது எட்டு முறை வருகிறது. ஒழுக்கமாக நடங்கள் என்னும் இடத்தில் அதே சொல், செத்தவர்களை நினைத்து அழுகிறவர்களிடம் பேசுங்கள் என்னும் இடத்திலும் அதே சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. ஓரிடத்தில் புத்தி சொல்லுதல் என்றார்கள், இன்னோரிடத்தில் தேற்றுதல் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் இரண்டுக்கும் முகம் வேறு. புத்தி சொல்கிறவர் கொஞ்சம் மேலே நிற்கிறார், தேற்றுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இப்படிப் பிரிந்ததால் தமிழ் வாசகருக்குக் கடிதம் இரண்டு துண்டாகத் தெரிகிறது. முதற்பாதி பாசம், பிற்பாதி போதனை. பிரசங்கங்களும் அப்படியே பிரிந்துபோயின.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன என்பது என் வாதம். அங்கே ஒருவரைத் தேற்றுவது என்றால் ஒரு வேலை செய்வது.

இடத்தைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியபோது அது ஈயத்துக்காகப் போட்ட பாதை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ரப்பர் வந்தது. லாபு, ரந்தாவ் பக்கத்து லின்சம், போர்ட்டிக்சன் பக்கத்து சுவா பெத்தோங், பகாவ் பக்கத்து கெடிஸ் என்று தோட்டங்கள் விரிந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின் ஆள் சேர்ப்பு பெரும்பாலும் கங்காணிகள் கைக்குப் போனது. தேர்ச்சியற்ற தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் சிறு தொகை. பால்மரம் வெட்டுகிறவர்கள், கணக்கெழுதும் கிராணிமார், தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் என்று சிதறிக் கிடந்தார்கள். குருவானவரோ போதகரோ பல தோட்டங்களுக்கு ஒருவர். அவர் வரும் ஞாயிறுகளைவிட வராத ஞாயிறுகள் அதிகம்.

அந்த இல்லாமைதான் தெசலோனிக்கேயர் கடிதத்துக்கும் காரணம். பவுல் அங்கே இல்லை. திரும்பிப் போக முயன்றும் முடியவில்லை, கடைசியில் தீமோத்தேயுவை அனுப்புகிறார். உங்களைப் பிரிந்ததைச் சொல்ல அவர் எடுக்கும் கிரேக்கச் சொல் அநாதையாக்கப்படுவதைக் குறிப்பது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கும், பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் அது பொருந்தும். சபையைத் தொடங்கியவரே தன்னை அநாதை என்கிறார். அவர் இல்லாத இடத்தில் வேலை யார் கையில் விழுகிறது? கடிதம் திரும்பத் திரும்பச் சொல்வது 'ஒருவரையொருவர்' என்பதைத்தான். தேற்றுவதை அவர் தலைவர்களுக்கு மட்டும் ஒதுக்கவில்லை. தலைவர்களை மதியுங்கள் என்று ஒரு வரி உண்டு. அவர்களுக்கு அவர் கொடுக்கும் முதல் அடையாளமும் 'உங்களுக்குள் பாடுபடுகிறவர்கள்' என்பதே. உடலை வருத்தும் உழைப்புக்கு அன்றைக்கு வழங்கிய சொல் அது.

சகோதரரே என்று பதினான்கு இடங்களில் விளிக்கிறார். ஒட்டுறவே இல்லாதவர்கள் ஒரே லயத்தில் குடியேறி, மாமா, சித்தி, அண்ணே என்று கூப்பிட்டுப் புது உறவை உண்டாக்கிக்கொண்டதுபோல, வெவ்வேறு குடும்பத்தாரை ஒரு குடும்பமாக்கும் விளி அது. பெண்கள் அந்த விளிக்குள் அடங்கிப் போகிறார்கள், ஒரு பெண் பெயரும் கடிதத்தில் இல்லை. இது எனக்கு உறுத்துகிறது. அதே சமயம், பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும் மிக நெருக்கமான உவமை ஒரு பெண்ணுடையது.

இரண்டாம் அதிகாரத்தில், தன் சொந்தப் பிள்ளைகளை அணைத்து வளர்க்கும் பாலூட்டும் செவிலியைப் போல உங்களிடம் இருந்தோம் என்கிறார். கிரேக்கத்தில் அந்தச் சொல் 'த்ரோஃபோஸ்'. பெரும்பாலும் அடுத்தவர் பிள்ளைக்குக் கூலிக்கோ அடிமையாகவோ பாலூட்டிய பெண்ணைக் குறிக்கும். அன்றைய தத்துவவாதிகள் போதகரைச் செவிலிக்கு ஒப்பிட்டுப் பேசிய வழக்கத்தை ஏபிரகாம் மால்ஹெர்ப் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பவுல் அந்த வழக்கத்தோடு 'தன் சொந்தப் பிள்ளைகளை' என்ற ஒன்றைச் சேர்க்கிறார். நாளெல்லாம் ஊரார் பிள்ளையைச் சுமந்தவள் தன் பிள்ளையைக் கையில் எடுக்கும் தருணம் அது. சில கையெழுத்துப் பிரதிகளில் அதே வரியில் 'மென்மையாக இருந்தோம்' என்றும் சிலவற்றில் 'குழந்தைகளாக இருந்தோம்' என்றும் காணப்படுகிறது. கிரேக்கத்தில் ஒரே எழுத்து வித்தியாசம். எது மூலம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

தோட்டத்தில் இந்த உவமைக்கு ஒரு கட்டடமே இருந்தது, ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு வரிசைக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். தாய் இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆயாவிடம் விட்டுவிட்டுத் தன் மர நிரைக்குப் போவாள். மரத்தில் வடிவதற்கும் மார்பில் சுரப்பதற்கும் தமிழில் ஒரே பெயர், பால். ஒன்றை எடுக்கப் போனவள் மற்றதைக் கட்டிக்கொண்டு போனாள். தொட்டில்களுக்கு நடுவே இருந்த ஆயா பெரும்பாலும் மரம் வெட்ட உடம்பு இடம் தராத வயதான பெண். அவளும் கூலிக்காரிதான். பவுலின் செவிலி அரண்மனைத் தாதியல்ல, இந்த வர்க்கத்தவள் என்று எடுத்துக்கொண்டால் கடிதம் சற்றுப் பின்னால் சொல்வது இயல்பாகப் பொருந்துகிறது. உங்களில் ஒருவருக்கும் பாரமாயிருக்கக் கூடாதென்று இரவும் பகலும் உழைத்தோம் என்று அவர் நினைவூட்டுகிறார். பாசமும் கூலி உழைப்பும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

உழைப்பு என்பது இங்கே உருவகமல்ல. கூடாரத் தொழில் பவுலுடையது என்பது நடபடிகள் தரும் செய்தி. பட்டறையே அவர் போதித்த இடமாகவும் இருந்திருக்கும் என்று ரொனால்ட் ஹாக் 1980இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். ரிச்சர்ட் ஆஸ்கோ இன்னும் ஒரு படி போய், தெசலோனிக்கே சபையே ஏற்கெனவே இருந்த ஒரு கைத்தொழிலாளர் சங்கம் ஒட்டுமொத்தமாக மனம் மாறியதாக இருக்கலாம் என்கிறார். முழுமையாக நிரூபிக்க முடியாத கருத்து என்றாலும், சொந்தக் கையால் வேலை செய்யுங்கள் என்னும் நான்காம் அதிகாரப் புத்தி கையால் வேலை செய்கிறவர்களிடம்தான் பொருளோடு பேசும்.

அந்தப் பகுதியில் மூன்று சொல்கிறார்: அமைதியாக வாழ நாடுங்கள், உங்கள் சொந்த வேலையைப் பாருங்கள், உங்கள் கைகளால் உழையுங்கள். தோட்டத்தில் இதை யார் வாய் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று யோசிக்க வேண்டும். தோட்ட நிர்வாகியான துரை சொன்னால், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று கேட்கும். காலனியக் காலத்தில் மதபோதனை பணிவைத்தான் வளர்த்தது என்ற குற்றச்சாட்டு வெறுமனே எழுந்ததல்ல. இந்த வசனங்களை அதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் பவுல் அந்த மூன்றையும் எதற்காகச் சொல்கிறார் என்பதை அடுத்த வரியிலேயே வைத்திருக்கிறார். வெளியார் முன் கண்ணியமாக நடக்கவும், ஒருவரையும் சாராமல் இருக்கவும். ரோமானிய உலகில் ஏழை ஒருவர் செல்வந்தப் புரவலர் வாசலில் காலையில் போய் நின்று கும்பிட்டு, அவர் போடுவதை வாங்கிக்கொண்டு, அவர் சண்டையில் ஆளாக நிற்பார். அந்தக் கட்டிலிருந்து விலகி நிற்கச் சொல்வதாகவே புரூஸ் விண்டர் இந்தப் பகுதியை வாசித்தார். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

அப்படி வாசித்தால் தோட்டத்தில் அதன் முகம் மாறிவிடுகிறது. அங்கே புரவலர் கங்காணி. கப்பல் செலவுக்கு முன்பணம் தந்தவர் அவர். தன் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கியவரும் அவர். சட்டப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தொழிலாளி வேறு தோட்டம் போகலாம். கடன் விட வேண்டுமே. கடைக் கடன், கங்காணிக் கடன், சம்பள நாளில் கள்ளுக்கடை. ஒருவரையும் சாராமல் இரு என்பதை இந்த மூன்றுக்கும் எதிரான புத்தியாக ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லியிருந்தால், அது துரைக்குப் பிடித்த போதனையாக இருந்திருக்காது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பி.பி. நாராயணன் போன்றவர்கள் பேரம் பேசியது கூலிக்காக மட்டுமல்ல. யார் வாசலிலும் நிற்காத நிலைக்காகவும் அது நடந்தது.

இதே மாநிலத்தில், தமிழர்களின் கதையோடு நேரடித் தொடர்பு இல்லாத ஒரு நிகழ்வையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஜப்பானியர் ஆட்சியில், சிங்கப்பூரின் உணவுச் சுமையைக் குறைக்க, யுரேஷியரும் சீனரும் அடங்கிய கத்தோலிக்கக் குடும்பங்களைப் பகாவ் காட்டுப் பகுதியில் குடியேற்றினார்கள். மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் தெவால் அவர்களோடு சென்றார். நகரத்து மக்கள் மண்வெட்டி பிடித்தார்கள், மலேரியாவில் மடிந்தார்கள். ஆயரும் 1945 ஜனவரியில் இறந்தார். காலில் பட்ட காயம் நஞ்சாகிப் போனது. உங்களுக்குள் பாடுபடுகிறவர்கள் என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு அவர் நினைவு வருகிறது.

ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் முழுக் கடிதத்தையும் உள்ளங்கையில் வைத்துத் தருகிறது. 'அத்தாக்தோஸ்' ஆனவர்களுக்குப் புத்தி, 'ஒலிகோப்சுகோஸ்' ஆனவர்களுக்கு ஆறுதல், பலவீனருக்குத் தாங்கல், எல்லாரிடமும் பொறுமை. முதல் சொல்லைப் பல நவீன மொழிபெயர்ப்புகள் சோம்பேறி என்று பெயர்க்கின்றன. அது படை வரிசையில் தன் இடத்தில் நில்லாத வீரனைக் குறித்த சொல். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த கி.பி. 66ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் ஒரு தந்தை மகனை நெசவாளியிடம் தொழில் பழக விடுகிறார். பையன் வேலைக்கு வராத நாட்களுக்கு ஈடாக அத்தனை நாள் கூடுதலாக வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வராமற்போவதற்கு அங்கே எழுதியிருப்பது இதே சொல்லின் வினை வடிவம். தோட்டத்துக்காரருக்கு அகராதியே வேண்டாம், பெரட்டில் நில்லாதவன் என்றால் போதும். இருட்டில் விளக்கோடு வரிசையில் நிற்கும்போது ஓர் இடம் காலியாக இருக்கும். கிராணிக்கு அது ஒரு குறிப்பு. பக்கத்தில் நிற்பவருக்கு அது ஒரு கேள்வி. ஆள் குடித்துவிட்டுக் கிடக்கிறாரா, காய்ச்சலா, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதா? பவுல் ஒரே மூச்சில் மூன்று வகை மனிதரைச் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காலியான இடம் ஒன்றாகத் தெரியும், உள்ளே இருக்கும் காரணம் வேறுவேறு. போய்ப் பார்த்தால்தான் எதைச் சொல்வது என்று தெரியும்.

இரண்டாவது சொல்லின் நேர்ப்பொருள் சிறுத்த ஆன்மா. மனம் சுருங்கிப்போனவர். துக்கத்தின் சொல் அது.

தெசலோனிக்கேயர்களுக்கு வந்த துக்கம் குறிப்பானது. ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்த கூட்டத்தில் சிலர் அதற்குள் செத்துவிட்டார்கள். அவர்கள் அந்த நாளில் விடுபட்டுப் போவார்களோ என்பதே பயம். பவுல் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கையில்லாதவர்களைப் போல அழவேண்டாம் என்கிறார். இறந்தவர்கள் பின்தங்க மாட்டார்கள், முதலில் எழுந்திருப்பவர்களே அவர்கள்தாம், அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்தே இருப்போம் என்று சொல்லி, இந்த வார்த்தைகளைக் கொண்டு ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார்.

ஆக்சிரிங்கஸில் இன்னொரு கடிதமும் கிடைத்தது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அடோல்ஃப் டைஸ்மன் அதை உலகறியச் செய்தார். ஐரீனே என்ற பெண், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்கு எழுதுகிறார். வழக்கமான வாழ்த்துச் சொல்லுக்குப் பதிலாக ஆன்மா திடமாயிருக்கட்டும் என்று தொடங்குகிறார். தானும் அழுததாகவும், தன் வீட்டார் பெயர்களை வரிசையாகச் சொல்லி எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்ததாகவும் சொல்கிறார். ஆனாலும் இப்படிப்பட்டவற்றுக்கு எதிராக மனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஆகவே நீங்களே உங்களைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். பவுலின் முடிவும் ஐரீனேயின் முடிவும் ஏறக்குறைய ஒன்று. நடுவில் அவர் வைத்ததும் இவர் வைத்ததும் வேறு. ஐரீனேயின் கடிதத்தை நான் தாழ்வாக நினைக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற அந்த ஒரு வரி எந்த இழவு வீட்டிலும் கனம் உள்ளது.

தோட்டத்தில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து காப்பித்தண்ணி வரும். கிறிஸ்தவர் வீடோ இந்து வீடோ, லயம் முழுவதும் வந்து நிற்கும். பெட்டிக்கும் குழிக்கும் செலவு கூடிப் போடுவது. இந்த வழக்கம் பின்னர் மரண சகாய நிதி என்று பெயர் பெற்றது, மாதம் ஒரு சிறு தொகை, இறப்பின்போது குடும்பத்துக்கு ஒரு தொகை. ரோமானிய உலகிலும் ஏழைகளுக்கு இதுவே வழி. லனுவியம் நகரத்தில் 136ஆம் ஆண்டு வெட்டிய ஒரு சங்கத்தின் விதிகள் இன்றும் இருக்கின்றன. சேரும்போது நூறு செஸ்தெர்சும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும், பிறகு மாதம் ஐந்து செப்புக் காசு. இறந்தால் ஈமச்செலவுக்கு முந்நூறு செஸ்தெர்ஸ். உடல் கிடைக்காவிட்டால்கூட உருவம் வைத்துச் சடங்கு செய்ய அந்த விதிகளில் இடமிருந்தது. எசமான் அடிமையின் உடலைத் தர மறுக்கும் நிலையை முன்கூட்டி நினைத்து எழுதிய விதி அது.

உடல் கிடைக்காத சாவு நெகிரி செம்பிலானுக்கும் வந்தது. ஜப்பானியர் 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்ததும் உண்டு, பிடித்து ஏற்றியதும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்துத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவலே எழுத வேண்டியிருந்தது.

திரும்பி வராதவரின் வீட்டில் என்ன செய்வது? கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி வைக்கக் குழி இல்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. அவர் செத்தவரா, எங்கோ இருப்பவரா என்பதே தெரியாமல் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் பால் வெட்டப் போனார்கள். தெசலோனிக்கேயரின் பயம், தங்கள் இறந்தவர்கள் கணக்கில் விடுபடுவார்களோ என்பது. இந்த வீடுகளில் அது ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் நான்காம் அதிகாரத்தை வாசிப்பதற்கு எனக்குத் துணிவு வராது. ஆனால் பவுல் அதை வாசிக்கும் வேலையை என்னைப் போன்றவரிடம் கொடுக்கவில்லை. ஒருவரையொருவர் என்றார். அடுத்த வீட்டில் அதே இழப்போடு இருந்தவள், விடியுமுன் அவள் கதவைத் தட்டி, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது வா என்று கூப்பிட்டிருப்பாள். பக்கத்தில் வரும்படி அழைப்பது என்ற கிரேக்க மூலப்பொருள் அந்தக் கூப்பிடலில் முழுமையாக இருக்கிறது. தேற்றியதும் புத்தி சொன்னதும் அங்கே வேறில்லை.

ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. அதன் பாதிப்பை உங்கு அசீஸ் குழு 1963இல் அறிக்கையாக்கியது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நீலாய்ப் பக்கமும் லாபுப் பக்கமும் நிலம் வீடமைப்புத் திட்டங்களாயிற்று. லயத்தில் பிறந்தவர்கள் சிரம்பான் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். நகரத்துக் கோவிலில் ஞாயிறுதோறும் குருவானவர் இருக்கிறார், தேற்றும் வேலையையும் பெரும்பாலும் அவரிடமே விட்டுவிட்டோம். பக்கத்துக் கதவு யாருடையது என்று தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

அந்த ஐந்தாம் அதிகார வசனத்தில் கடைசி உறுப்பு எல்லாரிடமும் பொறுமை என்பது. அடுத்த வசனத்தில் நன்மை செய்வதை ஒருவருக்கொருவர் என்று தொடங்கி, எல்லாருக்கும் என்று விரிக்கிறார். சபைக்கு வெளியே இருப்பவர்களும் அந்த 'எல்லாரு'க்குள் வருகிறார்கள். மிச்சமிருக்கும் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும். வேலை முடிந்து, குடியிருப்பு வாசலில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த குரலைக் கைப்பேசியில் போட்டுக் கேட்கிறார்கள். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் குனிந்து கேட்கிறார்கள்.